சொன்னால் கேட்காத லெஃப்ட் பேக்

சென்ற மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு முகாம் நடந்தது. ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு சால்வையும் போர்த்திவிட்டார்கள். ஆட்டக்காரன் முதுகில் சிறிய பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் அவன் எவ்வளவு ஓடினான், எங்கே நின்றான், எங்கே சோம்பினான் என்பதெல்லாம் திரையில் வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்லமாட்டேன். தேநீர் இடைவேளையில் ஓர் இளம் பயிற்சியாளர் பணிவாகவே கேட்டார்: "சார், இதெல்லாம் இல்லாத காலத்துல லைன்ல நின்னு கத்துறதத் தவிர நீங்க வேற என்ன சார் பண்ணுவீங்க?"

சுருக்கென்று இருந்தது. "கத்துறதுதான் தம்பி வேலையே. ஆனா யார் காதுல விழுதுன்னு பாத்துக் கத்தணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வடை எடுக்கப் போய்விட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு பாடத்தைக் கற்க எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆயிற்று. வடையோடு போய்விட்டவருக்காக அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் படிப்பையும் தொடக்கத்தையும் நீட்டி முழக்கப் போவதில்லை. பாளையங்கோட்டைக்காரன். பள்ளி விட்டால் பந்து, கல்லூரி விட்டால் பந்து. சென்னையில் உடற்கல்விப் படிப்பு முடித்து, ஊரில் ஒரு கல்லூரி அணியைச் சில வருடங்கள் வைத்திருந்தேன். பெயர் வாங்கினோம், சம்பளம்தான் பெயருக்கு வந்தது. பம்பாயில் நேர்முகத் தேர்வு என்று ஒரு விளம்பரம் பார்த்து ரயிலேறினேன். எழுபதுகளின் நடுவில், பஹ்ரைனில் ஈசா டவுன் தொழிற்கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராகப் போய் இறங்கினேன். சில மாதத்தில் மனைவி கோமதியும் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு வளைகுடாவிலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ கல்லூரி அணிகளைக் கோப்பை வரை கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் பயிற்சியாளன் என்ற சொல்லுக்கு நான் தகுதியானது அந்தத் தீவில்தான்.

முதல் நாள் மாணவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எல்லோரும் என் தோளுக்கு மேல் வளர்ந்தவர்கள். "மாஸ்டர், ஹிந்தி ஹாக்கி தெரியும், கிரிக்கெட் தெரியும். ஃபுட்பால்?" என்று ஒருவன் கேட்டான். 'ஹிந்தி' என்றால் அங்கே இந்தியன் என்று பொருள். பந்தைக் காலால் தூக்கி, நெஞ்சில் வாங்கி, கீழே விடாமல் மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்தேன். அந்தக் கேள்வி அதோடு நின்றது. மனசுக்குள் இருந்த சந்தேகம் நின்றதா என்றால், இல்லை.

மைதானம் என்றதும் புல்லை நினைத்துவிடாதீர்கள். முழுக்க மணல். மதியம் தாண்டியதும் டாங்கர் லாரி வந்து உப்புத் தண்ணீரைத் தெளிக்கும். சிமெண்ட் நிரப்பிய பீப்பாயை உருட்டி மணலை இறுக்குவோம். சுண்ணாம்பால் கோடு போட்டால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் வண்டிகளின் பழைய எஞ்சின் ஆயிலால்தான் கோடு. கோட்டில் விழுந்தவன் சட்டையோடு கோட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோவான். டாங்கர் ஓட்டியவர் சுடலைமுத்து, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஒப்பந்தத்தில் வந்தவர். ஆட்டம் உள்ள நாளில் கல்லூரி பஸ்ஸையும் அவர்தான் ஓட்டுவார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட அந்தத் தீவில் இருந்த ஒரே ஆள்.

எனக்கு மேலே விளையாட்டுத் துறைத் தலைவர் உஸ்தாத் ரிஃபாத். எகிப்துக்காரர், இளமையில் நன்றாக ஆடியவர். உஸ்தாத் என்றால் அங்கே ஆசிரியர், வாத்தியார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை, உரக்கப் பேசிக் கேட்டதும் இல்லை. பயிற்சிக்கு முன் தன் விசிலைக் குழாயடியில் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கைக்குட்டையையே பெஞ்சில் விரித்து அதன்மேல் உட்காருவார். ஆட்டத்துக்கு முன் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவனும் காலை மடித்துக் காட்ட, பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். லாடம் அடிக்கிறவர் குதிரைக் காலைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு ஸ்டட் ஆடினாலும் அவன் வெளியே. கெஞ்சினாலும் கேட்கமாட்டார். கோபம் வரவர அவர் குரல் தாழும். 'ஹபீபி', அதாவது அன்பரே, என்று கூப்பிட்டால் நலம். 'மிஸ்டர்' சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டால் ஏதோ வரப்போகிறது. என்னை அவர் தொடக்கத்திலிருந்தே 'மிஸ்டர் சிவா' என்றுதான் அழைத்தார்.

முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. எங்கள் ஆட்கள் எல்லோரும் நடுவில் குவிந்து நின்றார்கள். கோட்டோரம் காலியாகக் கிடந்தது. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், தெரிந்த அரைகுறை உருதுவில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. வெறுத்துப்போய் வாயில் வந்த தமிழில், "தள்ளு! தள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தள்ளிப் போய் நில்லுங்கள் என்று பொருள். அடுத்த நொடி அணி முழுவதும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தது. கோல்கீப்பர்கூட வந்தான். எதிரணி நிதானமாக நடந்துபோய் கோல் போட்டுவிட்டது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. ரிஃபாத் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சுடலைமுத்து டாங்கரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, என்ன வேல பண்ணுதிய? நீங்க தள்ளுங்கிய, அவனுவ காதுல அது தஆலூன்னு விழுது. தஆலூன்னா எல்லாரும் இங்க வாங்கன்னு அர்த்தம். கூப்புட்டா வரத்தான செய்வானுவ?"

பிறகு காதைத் தீட்டிக் கேட்டேன். அந்தச் சொல்லின் நடுவில் தொண்டையிலிருந்து ஓர் ஒலி வருகிறது. தூரத்தில் நின்று கத்தும்போது அது காற்றில் கரைந்துவிடுகிறது. எங்கள் 'தள்ளு'வுக்கும் அவர்கள் 'தஆலூ'வுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எங்களுக்குப் போ, அவர்களுக்கு வா. வேறு ஆளாக இருந்தால் அந்தச் சொல்லை நாக்கிலிருந்தே துடைத்திருப்பார். எனக்கு அன்று இரவு வேறொன்று தோன்றியது. ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் பதினொரு பேர் ஓடிவந்தார்கள் அல்லவா? எந்தப் பயிற்சியாளனுக்கு அது வாய்க்கும்?

கால்பந்தில் ஆஃப்சைடு என்று ஒரு விதி உண்டு. எதிரணிக்காரன் ஒருவன் நம் கடைசிக் காவல் ஆட்டக்காரனையும் தாண்டி கோல் பக்கம் நிற்கும்போது, அவனுக்குப் பின்னாலிருந்து அவன் கூட்டாளி பந்தை அவனுக்கு உதைத்தால், ரெஃப்ரி விசில் ஊதிவிடுவார். காவல் வரிசை நால்வரும் சரியான நொடியில் ஒரே கோடாக முன்னேறிவிட்டால், எதிரணியின் முன்வரிசை தானாகவே ஆஃப்சைடில் மாட்டிக்கொள்ளும். ஒருவன் பின்தங்கினாலும் வலை கிழிந்த கதைதான். நான் நடுக்கோடு வந்து முடியும் கோட்டோரத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று கத்தினால், தமிழில் முன்னால் தள்ளு, அரபியில் இங்கே வா. இரண்டும் ஒரே திசை.

துறைமுகத்தில் ஒரு பழைய தோணிக்கயிறு வாங்கிவந்தேன். காவல் வரிசை நால்வரின் இடுப்பிலும் அதைக் கட்டினேன். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கயிறு சற்றே தொய்வாக இருக்க வேண்டும், இழுபடக் கூடாது. நான் கத்தியதும் நால்வரும் பாய வேண்டும். ஒருவன் தாமதித்தால் கயிறு மற்ற மூவரையும் பின்னுக்கு இழுத்து நால்வரும் மணலில் புரளுவார்கள். முதல் வாரம் புரளாத நாளில்லை. பார்க்க வந்த மற்ற மாணவர்கள் ஆடு ஓட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்கினார்கள். நான் கயிற்றை அவிழ்க்கவில்லை. வீட்டில் கோமதி, "கிரவுண்டுல கத்திக் கத்தி வீட்டுக்கு வரும்போது பேச்சே இல்லாம வாரிய. பாதிச் சத்தத்த இங்கயும் கொண்டு வாங்களேன்" என்று உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பாள். கொப்பளித்துவிட்டு மறுநாள் மறுபடி போவேன்.

மாதம் திரும்புவதற்குள் மூவர் சரியாகிவிட்டார்கள். நான்காமவன் இடது ஓரம் காக்கும் லெஃப்ட் பேக் ஜாஸிம். முஹர்ரக்கைச் சேர்ந்த படகுக்காரர் மகன். ஒல்லி உடம்பு, காட்டு ஓட்டம், காலில் அபாரமான நேரக்கணக்கு. ஆனால் சொன்னால் கேட்கமாட்டான். அதுவும் எப்படி? நல்லபடி ஓடிக்கொண்டே இருப்பான், திடீரென்று ஒரு அழைப்புக்கு மரமாக நிற்பான். கயிறு இழுத்து மற்றவர்கள் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பான். சென்டர் ஹாஃப் யூசுஃப் அவனுக்கு அடுத்து நிற்பவன், அதிகம் விழுந்தவனும் அவன்தான். "மாஸ்டர், ஒண்ணு இவனை மாத்துங்க, இல்ல என் இடுப்பை மாத்துங்க" என்றான்.

மைதானத்தில் மட்டும் இல்லை. பட்டறையிலும் ஜாஸிம் மேல் இரண்டு புகார்கள் இருந்தன. லேத் மெஷினில் நிற்கும்போது பயிற்றுநர் சொல்வதைக் கேட்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. மூன்றாவது புகார் எழுதப்பட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். ஒழுங்கீனத்துக்காக அணியிலிருந்து நீக்குவதும் ஒரு புகார்தான். ஜாஸிமின் வீட்டில் முத்துக்குளிக்கும் தொழில் போன பிறகு மிஞ்சியது ஒரு மீன்பிடிப் படகு. எண்ணெய் ஆலையில் வேலைக்குப் போகப்போகும் முதல் ஆள் அவன். அது எல்லோருக்கும் தெரியும்.

ரிஃபாத் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "மிஸ்டர் சிவா, அந்தப் பையன் மா யிஸ்மா கலாம்."

பேச்சைக் கேட்பதில்லை என்று அதற்குப் பொருள். நம்மூரில் பெற்றவர்கள் பிள்ளைகளைச் சொல்வது போலவே அங்கேயும் சொல்வார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். "எனக்குக் கொஞ்சம் டயம் கொடுங்க" என்றேன்.

"கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் அவன் உங்க பொறுப்பு. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா என் பொறுப்பு. நான் எழுதிடுவேன்." விசிலைக் கழுவப் போய்விட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

எனக்கும் கோபம் இருந்தது. ஆனால் காரணம் தெரியாமல் ஓர் ஆட்டக்காரனை விடுவது எனக்குப் பழக்கமில்லை. சேட்டைக்காரன் ஒரே மாதிரி சேட்டை செய்வான், சோம்பேறி எல்லா நேரமும் சோம்புவான். இவன் ஏன் சில அழைப்புக்கு மட்டும் நிற்கிறான்? ஒவ்வொரு அழைப்பையும் கவனிக்கத் தொடங்கினேன். மைதானத்தின் ஒரு முனையில் பள்ளிவாசல். அந்தப் பக்கத்துக் கோலைக் காக்கும்போது மட்டும்தான் நிற்கிறான். எதிர்முனைக் கோலைக் காக்கும்போது முதல் ஆளாக ஓடுகிறான்.

கண்ணில் வெயில் படுகிறதோ என்று நினைத்தேன். புழுதி மூடி சூரியனே தெரியாத நாளிலும் அப்படியே நின்றான். காற்றோ என்று பார்த்தேன், காற்றே இல்லாத நாளிலும் சில தடவை நின்றான். இன்னொரு விஷயம்தான் என்னை எரிச்சலூட்டியது. பள்ளிவாசல் முனையில் அவன் காக்கும் இடது ஓரம், நான் நிற்கும் கோட்டோரமேதான். எட்டிக் குட்டலாம் போல அவ்வளவு பக்கம். எதிர்முனையிலோ மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பான். தூரத்தில் நிற்கும்போது சொன்னதைக் கேட்கிறான், காலடியில் நிற்கும்போது கேட்பதில்லை. என் மூஞ்சிதான் பிடிக்கவில்லையோ என்னவோ என்றுகூட நினைத்தேன்.

சரி, மூஞ்சியை இடம் மாற்றிப் பார்ப்போம் என்று ஒருநாள் மைதானத்தைக் கடந்து எதிர்க் கோட்டோரம் போய் நின்றேன். இப்போது பள்ளிவாசல் முனையில் அவன் எனக்குத் தூரம். கத்தினேன், பாய்ந்து வந்தான். முனை மாறினார்கள். இப்போது எனக்குப் பக்கம். கத்தினேன், நின்றான். நால்வரும் புரண்டு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு உள்ளே ஏதோ இடறியது. அவன் எனக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அவனுடைய இடப்பக்கம் என்னைப் பார்த்திருக்கிறது. தூரத்தில் நிற்கும்போதெல்லாம் வலப்பக்கம்.

பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸிம் தனியாகக் குழாயடியில் குனிந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் போய் நின்று, வழக்கமாகப் பேசும் குரலில், "ஜாஸிம், நாளைக்கு உனக்கு லீவு, பயிற்சிக்கு வர வேண்டாம்" என்றேன். லீவு என்ற சொல்லுக்குத் திரும்பாத மாணவன் உலகத்தில் கிடையாது. அவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். சுற்றி வலப்பக்கம் போய் அதையே சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது. பிறகு மணலில் என் கால்தடம் அவனைச் சுற்றி வந்திருப்பதைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

அவன் அப்பா பம்பாய்க்குப் படகில் போய்வந்த காலத்து ஹிந்தி அவனிடம் கொஞ்சம் இருந்தது. "மாஸ்டர், கிஸிகோ மத் போலோ" என்றான். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சல். சிறு வயதில் காய்ச்சல் வந்து இடது காது போய்விட்டதாம். முழுக்கப் போனது அந்த ஒரு காதுதான், வலது காது நன்றாகக் கேட்கும். ஆனால் காற்றும் கூச்சலும் மெஷினும் சேர்ந்துவிட்டால் இடப்பக்கத்துச் சொல் அதில் அமுங்கிப்போகும். "பட்டறையில தெரிஞ்சா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது மாஸ்டர். செவிடனுக்கு மெஷின் தரமாட்டாங்க."

அவன் அழவில்லை, நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொன்னதைக் கேட்கமாட்டான் என்று ஊரே திட்டியிருக்கிறது. திமிர் பிடித்தவன் என்ற பெயரையும் சுமந்துகொண்டு, அதை மறுக்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். திமிருக்கு மன்னிப்பு உண்டு, காதுக்கு இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறான். பாவம், அவன் கணக்கில் தப்பும் இல்லை.

"பட்டறையில எந்த மெஷின்ல நிக்கே?" என்றேன். நடுவில் என்றான். "நாளையிலேருந்து இடது சுவரோரம் இருக்கிற கடைசி மெஷினைக் கேட்டு வாங்கு. சுவர் உன்னைக் கூப்பிடாது. கூப்பிடறவன் எல்லாம் வலது பக்கம்தான் இருப்பான்." இதை ஆங்கிலமும் ஹிந்தியும் கையுமாகச் சொல்லி முடித்தேன். கடைசி மெஷின் பழையது, யாரும் விரும்பாதது, உடனே கொடுத்துவிட்டார்கள். அதன்பின் பட்டறையிலிருந்து அவன் மேல் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. மேலிடத்துக்குச் சொல்லாமல் இருந்தது சரியா என்று முகாமுக்கு வந்திருந்த இளைஞர்கள் கேட்கலாம். மெஷின் முன்னால் அவனுக்கு ஆபத்தில்லை என்று நானே போய் நின்று பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு உறுத்தவில்லை.

மைதானத்தில் சுவர் கிடையாது. ஆட்டத்தன்று பெஞ்சு இருக்கும் பக்கம்தான் நான் நிற்க முடியும், ஒரு பாதியில் அவனுடைய இடது காது என் பக்கம் வந்தே தீரும். இரண்டு நாள் யோசித்தேன். லெஃப்ட் பேக்குக்கு வலப்பக்கம் எப்போதும் யார் நிற்கிறான்? யூசுஃப். அவன் எந்த முனைக்குப் போனாலும் ஜாஸிமின் நல்ல காதருகில்தான் நிற்பான். நால்வரையும் கூப்பிட்டு, "என் தொண்டை போயிட்டு. இனிமே நான் ஒரு தடவதான் கத்துவேன். யூசுஃப் உடனே அதைத் திருப்பிக் கத்தணும்" என்று சொன்னேன். தொண்டை போனது எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூவர் என் குரலுக்கு, ஜாஸிம் யூசுஃபின் குரலுக்கு. கயிற்றைக் கட்டி மறுபடி தொடங்கினோம். நான் கத்தி வாய் மூடுவதற்குள் யூசுஃப் கத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கயிறு காட்டிக்கொடுத்தது. மணலில் புரள்வது குறைந்து, ஒருநாள் நின்றே விட்டது. கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகும் நால்வரும் கட்டியபடியே ஓடினார்கள்.

கோப்பையில் ஒவ்வொரு அணியாக வந்து எங்கள் வலையில் விழுந்தது. கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் ரிஃபாத் என்னிடம், "மிஸ்டர் சிவா, நீங்க வச்சிருக்கிற ரகசியம் இந்தத் தீவுல கைக்குழந்தைக்கும் தெரிஞ்ச வார்த்தை. பாத்துக்கோங்க" என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

கடைசி ஆட்டம் நகரத்து மைதானத்தில். எதிரணி பட்டணத்துக் கல்லூரி ஒன்று, பலமானது. இரண்டு பெஞ்சுகளும் ஒரே பக்கம், பக்கத்தில் பக்கத்தில். முதல் பாதியில் ஜாஸிமின் நல்ல காது எங்கள் பக்கம். வலை அருமையாக வேலை செய்தது. நான் கத்துவேன், யூசுஃப் கத்துவான், நால்வரும் கோடாக வருவார்கள், ரெஃப்ரி ஊதுவார். இடையில் ஒரு கோலும் போட்டோம். ஒன்றுக்குச் சைபர். இடைவேளையில் எதிரணிப் பெஞ்சில் இருந்தவர்கள் என் வாயையே பார்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஜாஸிம் எங்கள் ஓரம் வந்துவிட்டான். இடது காது பெஞ்சுப் பக்கம். வடகாற்று வேறு எழுந்துவிட்டது. கூட்டத்தின் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. என்றாலும் யூசுஃப் கைவிடவில்லை, வரிசை சரியாகவே நகர்ந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் நடுஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வேகமாக வந்தான். இப்போது வரிசை முன்னேறக் கூடாது. பந்தோடு வருகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது, முன்னேறினால் அவனுக்கு வழிவிட்டதாகும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தஆலூ!"

கனமான குரல், எனக்குப் பக்கத்திலிருந்து. யூசுஃபும் மற்ற இருவரும் பழகிய கால்களால் முன்னே பாய்ந்தார்கள். மாதக்கணக்காக அதற்குத்தானே கயிறு கட்டினேன். பாயும்போதே குரல் வேறு என்று யூசுஃபுக்குப் புரிந்திருக்க வேண்டும். திருப்பிக் கத்தத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸருகில் நின்ற சுடலைமுத்து ஓடிவந்து, "அண்ணாச்சி, நீங்களா கத்துனிய?" என்றார்.

"நான் வாயவே தொறக்கல" என்றேன். எதிரணிப் பெஞ்சில் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிராளி மூவருக்கும் நடுவே புகுந்து போய்விட்டான். முன்னால் கோல்கீப்பர் மட்டும். அப்போதுதான் பார்த்தேன், ஜாஸிம் நகரவில்லை. அவன் காதில் எதுவும் விழவில்லை. இடப்பக்கத்தில் எழுந்த குரல் காற்றில் போயிற்று, வலப்பக்கத்தில் யூசுஃப் கத்தவில்லை. யாரும் கூப்பிடாததால் ஒரு காவல் ஆட்டக்காரன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான். பந்தோடு வருபவனைக் கண்டதும் குறுக்கே ஓடினான். அந்தக் காட்டு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உதைக்கக் கால் ஓங்கிய நேரத்தில் சறுக்கிப்போய்ப் பந்தை மட்டும் தட்டி வெளியே அனுப்பினான். கோப்பை எங்களுக்கு வந்தது.

பையன்கள் என்னைத் தூக்கி இறக்கினார்கள். யூசுஃப் ஜாஸிமின் தலையைக் கட்டிக்கொண்டு, "சொன்னாக் கேக்காதவனே, சொன்னாக் கேக்காதவனே" என்று அரபியில் கொஞ்சிக்கொண்டிருந்தான். ரிஃபாத் அவசரப்படவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, கைக்குட்டையை உதறி மடித்து, என்னருகே வந்தார்.

"மூணு பேர் சொன்ன பேச்சைக் கேட்டாங்க" என்றார். "அவன் ஒருத்தன்தான் கேக்கல."

தாழ்ந்த குரல். கோப்பை முடிந்துவிட்டது, இனி அவன் அவர் பொறுப்பு. ஒழுங்கீனம் என்று எழுதப்போகிறாரா, காதைப் பற்றிச் சொல்லிவிடவா, சொன்னால் இரண்டில் எது அவனை முதலில் வெளியே தள்ளும் என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். "உஸ்தாத், அவன் வந்து..." என்று இழுத்தேன்.

"நான் எதுவும் கேக்கல, ஹபீபி" என்றார்.

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜாஸிமை நோக்கி நடந்தார். பையன் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ரிஃபாத் அவனுக்கு இடப்பக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தார். வாய் திறக்கவில்லை. அவனைச் சுற்றி நடந்து வலப்பக்கம் போய், மணலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, அதன் பிறகே பேச ஆரம்பித்தார்.